பதில் வராத விண்ணப்பம் தோல்வியா? உயிர்ப்புள்ளியியல் சொல்லும் கணக்கு

[காட்சி: பாம்பன் வடகடல் கரை, காலை ஏலம்]

வணக்கம். 40 இடங்களுக்கு விண்ணப்பித்து, ஆறு இடங்களிலிருந்து மறுப்பு பெற்று, மற்ற 34 இடங்களிலிருந்து எந்தப் பதிலும் பெறாத உயிர்ப்புள்ளியியல் (மருத்துவ, உடல்நலத் தரவுகளுக்கான புள்ளியியல்) பட்டதாரி ஒருவர், தாம் 40 முறை தோற்றுவிட்டதாக எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கு தவறு என்பதை அவர் படித்த பாடமே காட்டிவிடும்.

முதலில் இலக்கு. மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியலுக்காக 1998இல் வந்த ஐ.சி.எச். இ9 என்ற பன்னாட்டு வழிகாட்டி, எதை அளந்து வெற்றியைத் தீர்மானிக்கப் போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்கச் சொல்கிறது. வேலை தேடலுக்கும் அப்படி ஒரு வரி எழுதுங்கள். மருந்து ஆய்வு நிறுவனத்தில் புரோகிராமர் பணி என்றால் எஸ்.ஏ.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளும், மருத்துவ ஆய்வுத் தரவை ஒரே வடிவில் அடுக்கும் சி-டிஸ்க் தரமுறைகளும் தெரிய வேண்டும். சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் போன்ற இடங்களின் திட்டப் பணி என்றால் மாதிரி அளவைக் கணக்கிடவும் களத் தரவைச் சீர்செய்யவும் பழகியிருக்க வேண்டும். ஒரே சுயவிவரம் இரண்டுக்கும் உதவாது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தக் கரையில் ஏலம் முடிந்து நோட்டை மூடும் நேரத்தில் இரண்டு படகுகள் இன்னும் கரைக்கு வரவில்லை என்றால், அவற்றின் மீன்பாடு பூஜ்யம் என்று யாராவது எழுதுவார்களா? எழுதமாட்டார்கள், அதற்காக அந்தப் படகுகள் கடலுக்கே போகவில்லை என்றும் சொல்லமாட்டார்கள். ஆய்வு முடியும் நாளில் உயிரோடு இருக்கும் நோயாளியையும் உயிர்ப்புள்ளியியல் இப்படியே நடத்துகிறது. அதற்குப் பெயர் சென்சாரிங். இத்தனை நாள்வரை இறப்பு நிகழவில்லை என்பதும் ஒரு தகவலே. இதைக் கணக்கில் சேர்க்கும் முறையைக் கப்லான், மையர் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1958இல் வெளியிட்டனர். மையர் புற்றுநோய்த் தரவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்லானோ கடலடித் தொலைபேசிக் கம்பியில் பொருத்திய வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்! தனித்தனியே எழுதிய இரு கட்டுரைகளையும் ஒன்றாக்க அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

ஆகவே அந்த 34 விண்ணப்பங்களும் தோல்விகள் அல்ல, கரை வராத படகுகள். ஒரு நோட்டில் அனுப்பிய நாள், பதில் வந்த நாள், எந்தக் கட்டத்தில் நின்றது என்று மூன்று பத்திகள் போடுங்கள். எழுத்துத் தேர்வுக்கே அழைப்பு வரவில்லை என்றால் சுயவிவரத்தைத் திருத்துங்கள். தேர்வுக்குப் பின் நின்றுபோனால் பயிற்சியைக் கூட்டுங்கள்.

பத்து நாள் பதில் இல்லை என்று இலக்கையே மாற்றுவதுதான் பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து. வாடைக் காற்று வலுத்தால் நம் மீனவர்கள் படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோகிறார்கள், தொழிலை விடுவதில்லை. மருந்து நிறுவனங்களில் புதியவர்களை எடுக்காத மாதங்களில் மருத்துவமனை ஆய்வுப் பிரிவுகளுக்கு விண்ணப்பியுங்கள். மாற்றிய தேதியையும் காரணத்தையும் நோட்டில் குறியுங்கள்.

தொண்டி முதல் மூக்கையூர் வரை இதைப் பார்க்கும் தம்பி தங்கைகள், உங்கள் இலக்கு வரியைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்து நானே பதில் எழுதுகிறேன்.