உருவாரம்: மாட்டுக்கு வேண்டிக்கிட்டு வெக்கிற மண் மாடு

[காட்சி: மாட்டுப் பொங்கல் காலை. கோயில் வாசலில் மண் மாட்டை இடுப்பில் ஏந்தி நிற்கும் ஒரு பாட்டி]

உடுமலைப்பேட்டை பக்கம் சோமவாரப்பட்டி, ஆல்கொண்டமால் கோயிலுங்க இது. மாட்டுப் பொங்கல் நோம்பிக்குக் கறந்த பாலோட வர்றவங்க, உருவாரமும் கொண்டு வருவாங்க. மாட்டுக்கு நோவு கண்டா, சினை நிக்காமப் போனா, "நல்லபடியா ஆகட்டும், உருவாரம் வெக்கறேன் சாமி"ன்னு வேண்டிக்கிட்டதுதான்.

[காட்சி: மண் பிசையும் கால்கள்]

குளத்துக் களிமண்ணுல மணல் கலந்து மிதிக்கணும். வெறும் களிமண்ணு காயறப்பவே வெடிச்சுரும்.

[காட்சி: மண் மாட்டின் வயிறு, அருகில்]

உள்ள பாருங்க, கூடு! கெட்டியாச் செஞ்சா நடுவுல ஈரம் நின்னுரும். சூளைச் சூட்டுல அது ஆவியாகி, வெளிய வர வழியில்லாம உருவாரத்தையே உடைச்சுரும். அதுக்குத்தான் இந்தச் சின்ன ஓட்டையும்.

[காட்சி: சூளை]

சூடு 600 டிகிரியத் தாண்டினா மண்ணோட ஒட்டிக் கெடந்த தண்ணியும் போயிரும். அப்புறம் எத்தனை நாள் ஊற வெச்சாலும் அது திரும்பக் களிமண்ணாகாது. மண்ணுல இருக்கற இரும்புச் சத்து காத்துபட வெந்தாச் சிவப்பு, காத்துபடாம வெந்தாக் கறுப்பு. நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டி எடுத்தாங்களே, கறுப்பு சிவப்புப் பானை, அதுலயும் இதே வித்தைதான். அந்தப் பானைத் துண்டைக் கையில எடுத்துப் பாத்தா எனக்கு இன்னமும் சிலிர்க்குமுங்க.

[காட்சி: தூரிகை, வண்ணக் கிண்ணங்கள்]

ஆறினதும் சுண்ணாம்பு பூசி, அதுமேல வண்ணம். இப்பெல்லாம் எனாமல் பெயின்ட்தான் அதிகம். பளபளங்குது, சரி. ஆனா சுண்ணாம்பு மேல காவி தீட்டினதுதான் மாட்டுத் தோலாட்டத் தெரியுது எனக்கு.

மாடு வளத்தவங்க வண்ணத்தைச் சும்மா விடமாட்டாங்க. காங்கேயம் மாட்டுல மயிலை (சாம்பல் வெளுப்பு), காரி (கறுப்பு), செவலை (செவப்பு)ன்னு இருக்குதில்லீங்க? எங்க அப்பாரு எங்கூட்டு மயிலைக்கு வேண்டிக்கிட்டப்ப, பசுவ வெளுப்பாவும் கன்னைச் செவப்பாவும் தீட்டச் சொன்னாரு. காங்கேயம் கன்னு பொறக்கறப்பச் செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் போனா நெறம் மாறும். "சாமிக்கு நம்ம மாடுன்னு தெரியோணுமல்லோ!"ன்னாரு.

[காட்சி: நிழலில் காயும் உருவாரங்கள்]

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. கார்த்திகை மழையிலயும் மார்கழிப் பனியிலயும் மண்ணு லேசுல காயாது. ஈரத்தோட சூளையில வெக்கவும் முடியாது. பொங்கலுக்கு வேணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே உருவாரம் செய்யற மண்ணுடையார் (குயவர்) வீட்டுல போயிச் சொல்லிருங்க. மாடு என்ன நெறம்னும் சேத்துச் சொல்லிருங்க.