புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். "இன்ன தேதியில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன், அன்றைக்கே எல்லாம் மாறிப்போச்சு" என்று சாட்சிக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு உதாரணமாக அடிக்கடி வருபவர் ஜான் நியூட்டன், 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். அடிமைக் கப்பல் ஓட்டினார், புயலில் மனந்திரும்பினார், தொழிலை விட்டார், பாட்டு எழுதினார் என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது அப்படி நடக்கவில்லை. மூன்று ஆண்டுகளை மட்டும் மனதில் வையுங்கள்: 1748, 1754, 1788.

1748 மார்ச் மாதம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'கிரேஹவுண்டு' கப்பல் அட்லாண்டிக் புயலில் சிக்கியது. நியூட்டனுக்கு வயது 22. வாயைத் திறந்தால் தெய்வ நிந்தனை. இவன்தான் நம் கப்பலில் ஏறிய யோனா, அதாவது வேதாகமத்தில் வருவதுபோல் தன்னால் கப்பலுக்கே புயலை வரவழைத்தவன், என்று கப்பல் தலைவரே நினைக்கும் அளவுக்கு. இரவில் கப்பலின் பக்கப் பலகைகள் உடைந்து தண்ணீர் புகுந்தது. துணிகளையும் படுக்கைகளையும் ஓட்டைகளில் திணித்து மேலே பலகை அடித்தார்கள். சரக்கில் தேன்மெழுகும் மரமும் இருந்தன, இரண்டும் தண்ணீரைவிட லேசு. அதனால்தான் கப்பல் மூழ்கவில்லை. விடியற்காலை மூன்று மணி முதல் நண்பகல் வரை நியூட்டன் தண்ணீர் இறைத்தார். சற்று ஓய்வெடுத்த பிறகு நள்ளிரவு வரை சுக்கான் பிடித்தார். சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த வேதவசனங்கள் அங்கேதான் நினைவுக்கு வந்தன. ஏப்ரலில் அயர்லாந்தின் வடகரையில் ஒதுங்கியபோது, கடைசியாக இருந்த சாப்பாடு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

கேட்கக் கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவதற்கும் அதுதான் காரணம். அதன் பிறகு என்ன மாறியது? முதலில் நாக்கு மாறியது. நிந்தனைப் பேச்சு நின்றது. வேதம் வாசித்தார், ஜெபித்தார். தொழில்? அதே ஆண்டில் வேறொரு அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகப் போனார். 1750 முதல் 1754 வரை தாமே தலைவராக மூன்று பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி இரண்டு முறை ஆராதனை நடத்தினார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் சங்கிலி. கலகத்துக்குத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்ட சிறுவர்களிடம் உண்மையை வரவழைக்கக் கட்டைவிரல் நசுக்கியைப் பயன்படுத்தியதை அவருடைய கப்பல் குறிப்பேடே சொல்கிறது. இது புயலுக்குப் பிறகு, நேயர்களே, புயலுக்குப் பிறகு.

1754இல் தொழிலை விட்டதும் மனசாட்சி குத்தியதால் அல்ல. திடீரென்று வலிப்பு வந்து விழுந்தார். கடலுக்குப் போக வேண்டாம் என்று மருத்துவர்கள் தடுத்தார்கள். சங்கிலியும் விலங்குமான பிழைப்பு சில நேரம் மனதை உறுத்தியது, வேறு வேலை தரும்படி ஜெபித்ததும் உண்டு. ஆனால் அது பாவம் என்று அப்போது தோன்றவில்லை என்று அவரே பின்னால் எழுதினார். ஏன் தோன்றவில்லை? சட்டம் அனுமதித்தது. முதலாளிகள் ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கண்டிக்கும் பிரசங்கம் அவர் காதில் விழவில்லை. குடியையோ கெட்ட பேச்சையோ விட்டால் சபையே பாராட்டும். அது சீக்கிரம் நடக்கும். சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மனம் கடைசியில்தான் வந்து சேரும். ஆகவே புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை வழிநடத்துகிறவர்கள் வருமானத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி ஊருக்குப் போனார். புயலுக்கும் பிரசங்க பீடத்துக்கும் நடுவே 16 ஆண்டுகள்! இன்று மனந்திரும்பியவரை அடுத்த மாதமே மேடை ஏற்றுகிறோம். வேர் பிடிக்கும் முன்பே பேச வைத்துவிடுகிறோம். ஓல்னியில் அவர் குழந்தைகளுக்குத் தனிக் கூட்டம் வைத்தார், வாரநாட்களில் ஜெபக்கூட்டம் நடத்தினார். கேள்வி கேட்டு எழுதியவர்களுக்குப் பொறுமையாகக் கடிதம் எழுதினார். கவிஞர் வில்லியம் கூப்பர் மனநோயால் நொறுங்கியபோது ஓராண்டுக்கும் மேலாகத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். இதுவும் நற்செய்தி அறிவிப்புதான். 'அமேசிங் கிரேஸ்' பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அப்போதும் அடிமை வியாபாரத்தை அவர் வெளிப்படையாக எதிர்க்கவில்லை.

1785 டிசம்பரில் வில்பர்போர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் லண்டனில் அவரைத் தேடி வந்தார். கதவைத் தட்டத் தயங்கி, சதுக்கத்தைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் தட்டினார். அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பம் அவருக்கு. இருக்கும் இடத்திலேயே இரு என்றார் நியூட்டன். அடிமை வியாபாரத்தை ஒழிக்க நாடாளுமன்றத்தில் பின்னால் போராடியவர் இந்த வில்பர்போர்ஸ்தான்.

1788இல், 62 வயதில், அடிமை வியாபாரத்தைப் பற்றிய சிறுநூலை நியூட்டன் வெளியிட்டார். நான் பார்த்ததில் இதுவே மிக நல்ல சாட்சி. தம் பங்கைத் தாமே ஒப்புக்கொண்டு, உடனே விவரத்துக்குப் போகிறார். 100 டன் கப்பலில் 220 முதல் 250 பேர். கீழ்த்தளத்தின் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அதையும் நடுவே தட்டுப் போட்டு, அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் இரண்டு வரிசையாக மனிதர்களைப் படுக்கவைத்தார்கள். 1790இல் நாடாளுமன்றக் குழு முன்னும் இதையே சொன்னார். சாட்சி சொல்லப் போகிறவர்களே, பத்து நிமிடம் கிடைத்தால் பழைய வாழ்க்கைக்கு இரண்டு நிமிடம் போதும். உங்களால் யார் காயப்பட்டார்கள், அவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுத்தீர்கள், இன்னும் எது மாறவில்லை என்பதற்கு மீதி நேரத்தைக் கொடுங்கள்.

அடிமை வியாபாரத் தடைச் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் காலமானார். நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. நியூட்டனின் பிரசங்கத்தால் மனந்திரும்பிய கிளாடியஸ் புக்கானன் இந்தியாவுக்குக் குருவாக வந்தார். 1806இல் தஞ்சாவூர் வரை வந்து சரபோஜி மன்னரையும் சந்தித்தார். அவரைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். நன்றி, வணக்கம்.