மழைக்காலத்தில் மர வில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் வில்வித்தைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஒரே புகாரைச் சொல்வார்கள்: "சார், வில்லு இழுக்க லேசா இருக்கு, அம்பு கீழ போகுது." கையில் இருப்பது இந்தியன் ரவுண்டு என்னும் போட்டிப் பிரிவுக்கான மூங்கில் வில். "மழையில நனைச்சியாடா?" என்று அப்பா அதட்டுவார். நனைத்திருக்க மாட்டான். சுவரோரமாகச் சாய்த்து வைத்திருப்பான், அவ்வளவுதான்.

மரமும் மூங்கிலும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் சுமார் 9 சதவீத ஈரம் இருக்கும். வில்லுக்கு அது நல்ல அளவு. காற்று வாரக்கணக்கில் 80 சதவீதத்திலேயே நின்றால் மரத்தின் ஈரம் 16 வரை ஏறிவிடும். நார் தளர்ந்துபோகும், வளைத்த வில் பழையபடி நிமிராது. நாண் ஏற்றியே வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்காகப் படையெடுப்பே வேண்டாம் என்று வாதாடியவர் உண்டு. 1388-இல் சீனாவின் மிங் பேரரசின் மீது படை நடத்தக் கொரிய அரசர் உத்தரவிட்டபோது, தளபதி யி சொங்கே நான்கு காரணங்கள் சொல்லி மறுத்தார். அதில் ஒன்று, மழைக்காலத்தில் வில்லின் பசை இளகிவிடும் என்பது. கொம்பும் மூங்கிலும் விலங்கு நரம்பும் பசையால் ஒட்டிய வில் அது. அரசர் கேட்கவில்லை. யாலு ஆற்றுத் தீவு வரை போன தளபதி படையைத் திருப்பிக்கொண்டு வந்து ஆட்சியையே பிடித்தார். ஒரு போர்வீரன் தன் வில்லை எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்று நான் வியக்கும் இடம் இது.

சரி, நாம் என்ன செய்யலாம்? தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அரக்கு பாலிஷ் காற்றின் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் வெளுக்கும். அதனால் மேலே தேன்மெழுகு தேய்த்துவிடுங்கள். வெறும் ஆளிவிதை எண்ணெய் போதாது. மூங்கிலின் பச்சைத்தோல் தண்ணீரை அண்டவிடாது. ஈரம் அதிகம் புகுவது வெட்டுவாயில்தான். நுனியில் நாண் மாட்டும் வெட்டைப் பாருங்கள், நாண் உரசி உரசிப் பூச்சு போயிருக்கும். மழைக்கு முன் அங்கே மூன்று நான்கு தடவை பூசுங்கள்.

பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். வில்லைப் பிளாஸ்டிக் உறையில் திணிக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரைத் தொடாமல் இரண்டு முளைகளின் மேல் படுக்க வையுங்கள். நனைந்த வில்லைத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்; அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் வெடிப்பு விடும்.

அப்புறம், நாண் இல்லாத வில்லின் இரு நுனிகளுக்கும் நேராக ஒரு நூலை இழுத்துப் பிடித்து, கைப்பிடிக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இப்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் மறுபடி அளக்கும்போது அது கூடியிருந்தால், வில் நன்றாக உலரும்வரை பிள்ளைக்கு வேறு வில் கொடுங்கள்.

வணக்கம்.