90 நொடி கேட்கிறேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தை எங்களுக்காக ஒதுக்கிவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நரம்பியல் மருத்துவர் அம்மா அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக ஒரு மாதமாய் ஓடியாடிய சங்கச் செயலாளர் அவர்களே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும், பார்த்தால் ஒரு குறையும் தெரியாத உடம்போடும் வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் ஐயா மருந்துகளைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். அவருக்கு என் தனி நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் வந்த தொடக்கத்திலேயே மூளையில் என்ன நடக்கிறது, அது சிந்தனையை எப்படித் தொடுகிறது, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம். மூன்றுக்கும் அடியில் என் தாத்தா ஓயாமல் சொன்ன ஒரே பழமொழிதான்: வெள்ளம் வருமுன் அணை போடு.

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களே நரம்பிழையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையை அரிக்கின்றன. இது உங்களுக்குத் தெரியும். உறை போன இழை செய்தியை மெதுவாகக் கடத்துகிறது. நாளடைவில் இழையே அழிகிறது. ஆரோக்கியமானவரின் மூளையும் ஆண்டுக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் வரை சுருங்கத்தான் செய்கிறது. சிகிச்சை பெறாத எம்.எஸ். நோயாளிக்கு அது 0.5 முதல் 1.3 சதவீதம் வரை போகலாம். முதல் தாக்குதல் வந்த காலத்திலேயே இந்தச் சுருக்கம் தொடங்கிவிடுகிறது. மூளையின் நடுவே எல்லாத் தடங்களும் வந்து கூடும் சந்திப்பான தலாமஸ், முதலில் மெலியும் பகுதிகளில் ஒன்று. பெருமூளையின் மேலடுக்கான புறணியில் விழும் தழும்புகள் பலவும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதே இல்லை.

என் தங்கையின் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். 29 வயதில் ஒரு கண் மங்கியது. ஊசி போட்டார்கள், பார்வை திரும்பியது, நோயின் பெயரையும் சொன்னார்கள். நடை கெடவில்லை. கணக்குப் பிரிவில் வேலை. நாலு பேர் செய்வதை ஒருத்தியாய்ச் செய்வாள். இரண்டு வருடத்தில் அவள் மேசையில் கோப்புகள் குவிந்தன. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் தலையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வரியைக் கூட்டும்போது தொலைபேசி அடித்தால், திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்குவாள். அலுவலகத்தில் "முன்னைப்போல் அக்கறை இல்லை" என்றார்கள். வீட்டில் நாங்கள் என்ன சொன்னோம்? "மனசை ஒருமுகப்படுத்தும்மா" என்றோம். நானும் சொன்னேன். மருத்துவரிடம் போனால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், நடக்கச் சொல்வார், "நன்றாக இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிடுவார். வேலையை விட்டாள். நாலு வருடம் கழித்து ஒரு உளவியலாளர் அவள் முன்னே ஒரு தாளை வைத்தார். மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே வரிசையாய்க் குறிகள் மட்டும். 90 நொடியில் எத்தனை எண் சொல்ல முடிகிறது? முடித்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து அவர் விளக்கினார்: அறிவு குறையவில்லை, செய்தியைக் கையாளும் வேகம் குறைந்திருக்கிறது. வெளியே வந்து என் கையைப் பிடித்து அழுதாள். "அண்ணா, நான் சோம்பேறி இல்லைண்ணா."

நாலு வருடம்! வெள்ளம் வீட்டுக்குள் வந்தபிறகு நாங்கள் அணையைத் தேடினோம்.

இது புதிதாய்க் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. 1868-இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இந்த நோயைத் தெளிவாக வரையறுத்த பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்கோ, நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அப்போதே குறித்துவைத்தார். ஆனால் இன்றும் ஊனத்தை அளக்க 1983-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் குர்ட்ஸ்கி தந்த அளவுகோலே முதன்மையாய் இருக்கிறது. பூஜ்யம் முதல் பத்து வரை போகும் அந்த அளவுகோலில் நடுப்படியைத் தாண்டினால் அது பெரும்பாலும் நடையைத்தான் எண்ணுகிறது. நோயாளிகளில் 40 முதல் 65 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறனில் ஏதோ ஒரு பாதிப்பு உண்டு. காலை அளக்கிறோம், தலையை அளப்பதில்லை!

என் தங்கை முன்னே வைத்த அந்தத் தாளுக்குக் குறி–எண் சோதனை என்று பெயர். 1973 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். நோய் உறுதியானதும் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள் என்று 2018-இல் வல்லுநர் குழுவே பரிந்துரைத்தது. முதல் மதிப்பெண் ஏன் முக்கியம்? மனச்சோர்வும் தூக்கமின்மையும் களைப்பும்கூட மூளையை மந்தமாக்கும். நேற்றைய எண் கையில் இல்லாமல் இன்றைய எண்ணை வைத்து யார் எதைச் சொல்ல முடியும்? சரிவு தெரிந்தால் சிகிச்சையை மறுபடி யோசிக்கலாம், வேலைநேரத்தை மாற்றிக் கேட்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடு என்று நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது செய்திக்கு வரவேண்டும். உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, வாசிப்பு என்று நிறைய இருக்கிறது. தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். அவர் சொல்லைத் தட்டமாட்டேன். அதை மருத்துவர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

வாசலில் ஒரு மனு இருக்கிறது. எம்.எஸ். என்று பெயர் சொல்லும் அதே வாரத்தில் இந்தச் சோதனையையும் செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. முதல் கையெழுத்து என் தங்கை போட்டது. இரண்டாவது வரியை மருத்துவர் அம்மாவுக்காக விட்டுவைத்திருக்கிறோம்.