ரெடிங் அருங்காட்சியகத்தில் ஒரு கழுகு

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறேன். இந்தக் கண்ணாடிப் பேழைக்குள் பாருங்கள், ஒரு வெண்கலக் கழுகு. ஒரு சாண் உயரம்கூட இல்லை. இறக்கைகள் இரண்டும் போய்விட்டன. 1866இல், சில்செஸ்டரில் மண்மூடிக் கிடந்த ரோமானிய நகரத்தைத் தோண்டியபோது கிடைத்தது.

ஆங்கில நாவலாசிரியர் ரோஸ்மேரி சட்கிளிஃப் இல்லையென்றால் நான் இதைத் தேடி வந்திருக்கவே மாட்டேன். 1920இல் பிறந்தவர். மூட்டுகளை முடக்கும் வாதநோய் குழந்தையிலேயே பற்றிக்கொண்டது. வாழ்நாளில் பெரும்பகுதி சக்கர நாற்காலிதான். ஏறக்குறைய 9 வயதுவரை அவருக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா கதைகளை வாசித்துக் காட்டுவார், இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருடைய வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதால் வளர்ந்த எழுத்து என்பது தெரியும். 14 வயதில் பள்ளியை விட்டு ஓவியம் கற்றார். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவப்படங்களை வரைந்தவர், பிறகு நாவலுக்கு வந்தார்.

ரோமானியரின் ஒன்பதாம் படைப்பிரிவின் பெயர் கி.பி. 108ஆம் ஆண்டைச் சேர்ந்த இங்கிலாந்தின் யார்க் நகரக் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் படை பின்னர் என்ன ஆனது என்பது இன்றும் புதிர். அந்தப் புதிரையும் இந்தக் கழுகையும் முடிச்சுப் போட்டு, 1954இல் ‘தி ஈகிள் ஆஃப் தி நைன்த்’ நாவலை எழுதினார்.

இது ரோமானியப் படைகள் ஏந்திச் சென்ற கழுகுச் சின்னமே அல்ல, ரோமானியக் கடவுள் ஜூபிடரின் சிலையோடு இருந்த கழுகாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டும். அதனால் நாவலுக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அதன் உயிர் கதாநாயகன் மார்கஸின் காலில் இருக்கிறது. இளம் படைத்தலைவன், முதல் போரிலேயே கால் நைந்துபோகிறது, பதவியும் போய்விடுகிறது. காயத்தை மறுபடி திறந்து, உள்ளே தங்கிய சில்லுகளை எடுக்க வைத்தியர் வரவேண்டும். மயக்க மருந்து இல்லாத காலம். அதற்காகக் காத்திருக்கும்போது அவன் படுகிற பயம் இருக்கிறதே, அந்தப் பக்கங்களை நான் மூன்று முறை படித்தேன். அவன் வலியை சட்கிளிஃப் வீரமாக்கவில்லை, பரிதாபமாகவும் ஆக்கவில்லை. அதைக் கூடவே இருந்து அறிந்தவருக்குத்தான் அப்படி எழுத வரும். அந்தக் காலோடுதான் அவன் தொலைந்த படையின் கழுகைத் தேடி, பிரிட்டனின் வடக்கே ரோமானியர் எழுப்பிய ஹாட்ரியன் மதிலைத் தாண்டிப் போகிறான், பனிமூட்டத்திலும் சதுப்பிலும்.

அவருக்கு சிறுவர் நூல்களுக்கான பிரிட்டிஷ் விருதான கார்னகி பதக்கத்தை 1959க்கு வாங்கித் தந்தது ‘தி லான்டர்ன் பேரர்ஸ்’. ரோமானியப் படைகள் பிரிட்டனை விட்டுப் போன பிறகு அங்கேயே தங்கிவிடுகிற ஒருவனின் கதை. அதற்கு ஒரு தனிக் காணொளி போடுகிறேன்.

இப்போது கழுகின் கால்களைக் கவனியுங்கள். நகங்கள் உள்நோக்கி வளைந்திருக்கின்றன. உருண்டையான எதையோ பற்றியிருந்திருக்கிறது. வாருங்கள், மறுபக்கமும் போய்க் காட்டுகிறேன்.