ஐந்தில் ஒரு பங்கு கூட்டி

(லெந்துகால, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால, மாலைக் கூட்டம் ஒன்றில் சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சபையாரே, பெரியவர்களே, தாய்மார்களே, ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களே,

எனக்குக் கொடுத்த தலைப்பு "அன்றாட வாழ்க்கையில் இயேசுவைப் பின்பற்றுதல்". அது கடல். நான் ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அநியாயமாய் நம் கைக்கு வந்ததை, உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது. லெந்து நாட்களில் ஜெபத்தைப் பற்றியும் உபவாசத்தைப் பற்றியும் நிறையக் கேட்கிறோம். நாற்பது நாளும் கறியை விட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சந்தோஷம். திருப்பிக் கொடுத்தலைப் பற்றிக் கடைசியாக எப்போது பிரசங்கம் கேட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

லூக்கா 19ஆம் அதிகாரம். எரிகோ பட்டணத்து சகேயு, ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிக்கிறவர்களுக்கு, தலைவன், ஐசுவரியவான். ஞாயிறு பள்ளியில் அவனைக் குள்ளனாக்கி, காட்டத்திமரத்தில் ஏற்றி, கைதட்டிப் பாடி இறக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எட்டாம் வசனம் வரைக்கும் பிள்ளைகள் போவதே இல்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. யாரிடத்திலாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் அதற்கு நாலு மடங்கு.

இதைக் கொஞ்சம் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அவனுடைய ஆஸ்தி 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதி, 40 லட்சம், ஏழைகளுக்குப் போய்விட்டது. மிச்சம் 40 லட்சத்தில்தான் நாலு மடங்கு கொடுக்கவேண்டும். அப்படியானால் அவன் அநியாயமாய் வாங்கினது 10 லட்சத்துக்கு, அதாவது மொத்த ஆஸ்தியில் எட்டில் ஒரு பங்குக்கு, மேலே இருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சகேயு வரிக்கணக்கிலேயே வாழ்ந்தவன். உணர்ச்சிவசப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. தெரிந்தே சொல்கிறான்.

மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் அவனிடம் இவ்வளவு கேட்கவும் இல்லை. லேவியராகமம் 6ஆம் அதிகாரமும் எண்ணாகமம் 5ஆம் அதிகாரமும் சொல்கிற கணக்கு வேறு. செய்த குற்றத்தை உணர்ந்து அறிக்கையிடுகிறவன் முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும். நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. நாலு மடங்கு என்பது யாத்திராகமம் 22இல் ஆட்டைத் திருடி அடித்துவிட்டவனுக்கும் விற்றுவிட்டவனுக்கும் வருகிற தண்டனை. மாட்டுக்கு ஐந்து மடங்கு. திருடின பிராணி உயிரோடு கையில் அகப்பட்டால் இரண்டு மடங்கு. சகேயுவின் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. தானாக எழுந்து நின்றவன் திருடனுக்குரிய தண்டனையை எடுத்துக்கொள்கிறான். நமக்கு நான் நாலு மடங்கு சொல்லவில்லை. ஐந்தில் ஒரு பங்கே போதும். அதையே செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டம் முடிந்ததும் யாராவது என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். பணம் கொடுத்து இரட்சிப்பு வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னது ஐந்தாம் வசனம். கணக்கு வருவது எட்டாம் வசனம். விருந்தாளி முதலில் வந்தார்.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம்.

ஏற்காட்டில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்ததிலிருந்து மலையில் பழம் பறிப்பு நடக்கிறது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் தராசு முன்னால் சாக்கோடு வரிசை நிற்கும். பறித்த கிலோவுக்குத்தான் கூலி. ஒருவருக்கு 38 கிலோ 600 கிராம் வருகிறது, மேஸ்திரி 38 என்று எழுதுகிறார். சாக்கு எடை என்று கொஞ்சம், ஈரம் என்று கொஞ்சம். ஆளுக்குச் சராசரி அரைக் கிலோ என்று வையுங்கள். 40 ஆள், 60 நாள் பறிப்பு. 1,200 கிலோ. கிலோவுக்கு 8 ரூபாய் கூலி என்றால் 9,600 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 11,520. ஒரு நாளில் ஒருத்தருக்கு நாலு ரூபாய்தான் போயிருக்கிறது, அதனால் யாரும் சண்டை போடவில்லை. முதலாளி அந்தக் கூலியைக் கொடுக்காமலே 1,200 கிலோ பழத்தையும் உலர்த்தி விற்றாயிற்று.

கீழே இறங்கினால் மரவள்ளி. கிழங்கைப் பாயிண்ட் கணக்கில் வாங்குகிறார்கள், அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து. ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்றால் 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400. அளக்கிறபோது ஒரு பாயிண்ட் குறைத்துச் சொன்னால் பத்து டன் லோடில் விவசாயிக்கு 3,000 ரூபாய் போச்சு. பிடுங்கின மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். லாரியில் ஏற்றிக்கொண்டுவந்த மனுஷன் "வேண்டாம்" என்று திருப்பி எடுத்துப்போக முடியாது. அந்த முடியாமையைக் காட்டி வாங்குகிற குறைந்த விலையும் இந்தக் கணக்கில் சேரும் என்பது என் அபிப்பிராயம். லேவியராகமம் 25 விற்கிறதிலும் கொள்ளுகிறதிலும் ஒருவரையொருவர் ஒடுக்கக்கூடாது என்கிறது. ஏமாற்றக்கூடாது என்பதோடு அது நிற்கவில்லை.

வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 80 டச், அதாவது நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, என்று சொல்லி, பத்தவைக்கிற (ஒட்டவைக்கிற) பொடியில் இறக்கி, 72 டச்சில் கொடுத்தால் கிலோவுக்கு 80 கிராம் வெள்ளி யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

தராசும் பட்டறையும் இல்லாதவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் பெரிய தொகை இருக்கிறது. வீட்டுப் பங்கைச் சொல்கிறேன். நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் அதில் கிடையாது. நடப்பது என்ன? பதினாறாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு அக்காவையும் தங்கச்சியையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். "சீர் செய்தாச்சே" என்கிறோம். அவர்கள் மனமாரக் கொடுத்தால் அது வேறு. அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுப்போகுமே என்று பயந்து போட்ட கையெழுத்து மனமார்ந்த கையெழுத்தா? அறுபது ரூபாய் கடனை ஒப்புக்கொண்டு கண்ணீர்விடுகிற சபைகளில் அறுபது சென்ட் நிலத்தைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை.

இனி எப்படிச் செய்வது. முதலில் எழுதுங்கள். மனதுக்குள் வைத்திருக்கிற கணக்கு தானாகக் குறைந்துகொண்டே போகும். பேர், என்ன காரியம், எந்த வருஷம், எவ்வளவு. தொகை சரியாக நினைவில்லை என்றால் இரண்டில் பெரியதை எழுதுங்கள். சந்தேகத்தின் பலன் அவருக்குப் போகட்டும். எஸ்டேட் என்றால் பழைய செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேடு, இருக்கும், அதில் ஆளும் நாளும் இருக்கிறது. மூன்று வருஷம் தாண்டிவிட்டது, கடன் காலாவதி என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வழக்குப் போடுகிற உரிமைக்குத்தான் காலாவதி. கடன் அப்படியே இருக்கிறது.

அடுத்து, வீட்டில் சொல்லுங்கள். குடும்பப் பணத்திலிருந்து கொடுக்கப்போகிறீர்கள், மனைவிக்குத் தெரியாமல் கொடுத்தால் இன்னொரு அநியாயம் ஆரம்பமாகும். பிறகு நேரில் போய், சாக்குச் சொல்லாமல், நாலு வரியில் முடியுங்கள்: இந்த வருஷம், இந்தக் காரியத்தில், உங்களுக்கு வரவேண்டிய இவ்வளவு தொகையை நான் எடுத்துக்கொண்டேன், இதோ அதுவும் ஐந்தில் ஒரு பங்கும். "அப்போது என் நிலைமை..." என்று தொடங்கவேண்டாம். உங்களோடு கூட்டுச் சேர்ந்தவரின் பேரையும் இழுக்கவேண்டாம், அவர் கணக்கு அவருடையது. "மன்னித்தேன் என்று சொல்லுங்கள்" என்று அங்கேயே நின்று கேட்காதீர்கள். கோபப்பட்டால் படட்டும், அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. மொத்தமாகக் கொடுக்க வசதியில்லாத தினக்கூலிக்காரர் வாரம் நூறு ரூபாய் என்று தேதி போட்டுக் கொடுக்கலாம். முதலை முதலில் தீருங்கள், ஐந்தில் ஒரு பங்கைக் கடைசியில் சேருங்கள்.

கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு. அதிகம் நடப்பது, பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவது. பறிப்புக்காரியின் கூலி ஆலயத்து மின்விசிறியாகி, இறக்கையில் நம் பேரோடு சுற்றுகிறது. லேவியராகமத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது: உரியவனிடம் பொருள், அப்புறம் பலி. மத்தேயு 5இல் இயேசு காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்பாக வைத்துவிட்டுச் சகோதரனிடம் போகச் சொல்கிறார். ஆலயத்துக்குப் போகிற முறையும் எண்ணாகமம் 5:8இல் இருக்கிறது. உரியவனும் இல்லை, வாங்கிக்கொள்ள உறவுக்காரனும் இல்லை என்றால்தான் ஆசாரியனிடம் போகும். அதாவது முதலில் ஆளைத் தேடவேண்டும். செத்துப்போயிருந்தால் பிள்ளைகளைத் தேடவேண்டும். பறிப்புக்கு வந்தவர் எந்த ஊர் என்று மேஸ்திரிக்குத் தெரியாமலா இருக்கும்?

இரண்டாவது இன்னும் நயமானது. கொடுக்கவேண்டிய கூலியைக் கிறிஸ்துமஸ் போனஸாகவும் புதுச்சேலையாகவும் கொடுப்பது. அவர்கள் கும்பிட்டு வாங்கிப்போவார்கள். அவர்களுடைய சொந்தப் பணத்தைக் கொடுத்து, அவர்களிடமே நன்றியும் வாங்கிக்கொள்கிறோம். கொடுக்கிறபோது "இது உங்கள் பாக்கி" என்று சொல்லிக் கொடுங்கள். போனஸ் தனி, பாக்கி தனி.

பேர் சொல்லாமல் உறையில் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். சொன்னால் மூன்றாவது ஆளுக்குக் கேடு வரும் என்றால் கொடுக்கலாம். வெட்கத்துக்குப் பயந்து என்றால் கூடாது.

வாங்க மறுத்தால்? நம் பக்கத்து ஜனங்கள் முதல் தடவை மறுக்கத்தான் செய்வார்கள். "இருக்கட்டும் சார், அதெல்லாம் பழைய கதை" என்பார்கள். அது மரியாதை, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பணத்தோடு வீடு திரும்பாதீர்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் போங்கள். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால், யாருக்குக் கொடுக்கட்டும் என்று அவரையே கேளுங்கள். பணம் அவருடையது, இடத்தையும் அவரே சொல்லட்டும். உங்களுக்கு ஆகாத பங்காளியின் பேரைச் சொன்னாலும் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.