வெட்டு விளிம்பைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. வீட்டுக் கணக்கு, மருத்துவச் சீட்டு, பிள்ளைகளின் கட்டண ரசீது என எல்லாவற்றையும் ஒரே வளைய பைண்டரில் சேர்த்து, மின்ரயில் நெரிசலில் மார்போடு அணைத்துச் செல்லும் மும்பைத் தமிழர்களை நாள்தோறும் பார்க்கிறோம். அந்த பைண்டரின் தோல் உறை நீடித்து உழைக்குமா என்பதைக் கடையிலேயே கண்டுகொள்ளலாம்.

தாராவியின் தோல் தொழிலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் உழைப்பு பெரிது. அங்கே ஒரு பட்டறையில் நான் பைண்டரின் மேற்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது, தோல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர், "மேலே பாக்காதீங்கம்மா, வெட்டைப் பாருங்க" என்றார். ஒரு துண்டின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தார். மேலே நெருங்கியும் கீழே செல்லச் செல்லத் தளர்ந்தும் நார்கள் பின்னிக் கிடந்தன. மேற்பரப்பில் நுண்துளைகளும் மாட்டின் பழைய கீறல் ஒன்றும் இருந்தன. அந்தக் கீறலைக் குறையென்று ஒதுக்கிவிடாதீர்கள்; மேலடுக்கைத் தேய்த்து எடுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த துண்டில் மெல்லிய பிளாஸ்டிக் ஏடும் அடியில் துணியும் தெரிந்தன: ரெக்சின். மூன்றாவது, தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியது; அதன்மேலும் 'ஒரிஜினல் தோல்' என்றே அச்சிட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட போலித் தோல்களின்மேல் பூசும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சை மும்பையின் ஈரக்காற்றே மெல்லச் சிதைத்துச் செதில் செதிலாக உரித்துவிடும். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், வெட்டு விளிம்பைப் பாருங்கள். விளிம்பை மடித்துத் தைத்திருந்தால், உட்பக்கப் பையின் ஓரத்தையாவது பாருங்கள்.

பதனிட்ட முறையையும் கேளுங்கள். குரோமியத்தில் பதனிட்ட தோல் மென்மையானது, மழையைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். நம் ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டதைப் போன்ற பட்டைத்தோல் விறைப்பாக நின்று, கைபடக் கைபட நிறம் ஆழும். மழைத்துளி கறைவிடும் என்றாலும், தாள்களைத் தாங்கி நிற்க வேண்டிய உறைக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

நேரம் நெருங்கிவிட்டதால் வளையத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூடிய வளையங்களின் வாய் சேருமிடத்தில் ஒரு தாளை இழுத்துப் பாருங்கள். சிக்கினால் அந்த பைண்டர் வேண்டாம். வளையத் தகடு பசையில் ஒட்டியிருக்காமல், ரிவெட் ஆணி அடித்துப் பொருத்தியிருக்க வேண்டும். அளவில் ஏ5 வசதி, ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் போதும். மழைக்காலத்தில் பாலித்தீன் பையில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் நிழலில் விரித்து உலர்த்துங்கள். வணக்கம்.